மழைநாட்டில் புரவி

திருவனந்தபுரத்திற்குத் தென்வாயில் போல அமைந்த ஊர் கரமனை. அகத்தியமலையைச் சார்ந்த சரிவுகளில் தோன்றி, அருவிக்கரையைக் கடந்து, ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறும் இதே பெயரைத் தாங்கி நிற்கிறது. நாகர்கோயிலிலிருந்து வரும் பெருவழி ஆற்றுப் பாலத்தைக் கடந்து நகருக்குள் நுழைவது இங்கேதான். பாலத்தை அடுத்த அக்கிரகாரத் தெருக்களில் தமிழ் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. நீலகண்ட சிவன் வாழ்ந்து பாடிய ஊர் என்ற பெருமையும் இதற்கு உண்டு.

ஆண்டுதோறும் நவராத்திரியை ஒட்டி இப்பாலத்தின் வழியே ஓர் ஊர்வலம் வருகின்றது. கம்பர் வழிபட்டதாக மரபு கூறும் சரசுவதி தேவி பத்மநாபபுரத்திலிருந்து யானைமேல் வருகிறாள். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை பல்லக்கில் வருகிறாள். வேளிமலைக் குமாரசுவாமி கரமனையிலிருந்து வெள்ளிக் குதிரைமேல் எழுந்தருளி நகருள் புகுகிறான். புரட்டாசி மாதம் இரு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம் என்பர். ஆயினும் அந்நாளில் மழை வாராது என்று இந்நகரில் எவரும் உறுதி கூற மாட்டார். தெருவில் நீர் ஓடினாலும் வெள்ளிக் குதிரையின் குளம்பு நனைவதில்லை. அதன் முதுகில் புண் தோன்றுவதில்லை. அதன் தீனியில் பூஞ்சை பிடிப்பதுமில்லை.

உயிருள்ள குதிரையின் நிலை அத்தகையது அன்று. வறண்ட நிலத்தில் பிறந்து, கடல் கடந்து, ஈரம் உலராத இம்மண்ணுக்கு வந்த அந்த உயிரை நம் முன்னோர் எவ்வாறு காத்தனர்? எங்கே காக்கத் தவறினர்? பரியேறிய மன்னரின் வெற்றிகள் ஏடெங்கும் நிறைந்துள்ளன. அப்பரியின் காலைத் துடைத்தவரைப் பற்றிய செய்திகளோ அருகியே காணப்படுகின்றன. அவ்வரிய செய்திகளைத் திரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் கடந்து வந்த உயிர்

யானை நம் காட்டில் பிறந்தது; எருது நம் வயலில் வளர்ந்தது. குதிரையோ பெரும்பாலும் விலைக்கு வந்தது. கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்திருந்த பொருள்களை அடுக்கிக் கூறுமிடத்து, கடல் வழியே வந்திறங்கிய புரவிகளைத்தான் முதலில் வைக்கின்றது. பிற்காலச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்தைச் சேர்ந்த குதிரைச் செட்டிகள் இடம்பெறுகின்றனர். மலைமண்டலம் என்பது இன்றைய கேரளம். மேலைக் கடற்கரையில் இறங்கிய குதிரைகள் கணவாய்களைக் கடந்து தமிழகத்து அரண்மனைகளை அடைந்தன என்பது இதனால் புலனாகிறது.

பரி, புரவி, இவுளி, மா என்று இவ்விலங்குக்குத் தமிழில் பெயர்கள் பல. அதனைப் பழக்கிப் பேணுவோனுக்கு வாதுவன் என்றொரு பெயர் உண்டு. குதிரை வீரனைக் குறிக்க எழுந்த இராவுத்தன் என்னும் சொல் பிற்காலத்தில் ஒரு சமூகத்தின் பெயராகவே நிலைபெற்றது. அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையும் அச்சொல்லாலேயே அழைத்து மகிழ்ந்தார். கரமனையில் வெள்ளிக் குதிரையேறும் குமாரனைக் காணும்போது அச்சொல்லின் பொருத்தம் நம் உள்ளத்தில் தானே எழுகின்றது. சொல்லளவில் குதிரை தமிழரோடு முழுவதும் கலந்துவிட்டது. உடலளவில் அது இந்த ஈரத்தோடு கலக்க இயலவில்லை. இந்த இடைவெளியில்தான் நம் வரலாறு தொடங்குகிறது.

சேற்றுத் தெருவில் ஒரு நள்ளிரவு

மழையில் நிற்கும் குதிரையை நம் இலக்கியத்தில் மிக நுணுக்கமாகக் கண்டவர் நக்கீரர். நெடுநல்வாடையின் இறுதிப் பகுதியை நினைவு கூர்வோம். வாடைக் காற்று வீசும் நள்ளிரவு. பாசறையில் விளக்குகளின் சுடர் சாய்ந்து எரிகின்றது. பாண்டியன் உறங்காது, புண்பட்ட வீரரைக் காணத் தெருவில் நடந்து வருகிறான். அந்தத் தெரு சேறாகிக் கிடக்கின்றது. ஆங்கே நிற்கும் குதிரைகள், அணிவித்த சேணம் முதலியன களையப்படாத நிலையில், தம்மேல் விழும் மழைத்துளிகளை உடல் சிலிர்த்து உதறுகின்றன.

கற்போர் பலர் இக்காட்சியை அழகு என்று பாராட்டிவிட்டு அப்பால் செல்வர். குதிரையோடு பழகியவர் அவ்வாறு செல்ல மாட்டார். சேணம் களையாத குதிரை என்பது போர் இன்னும் முடியவில்லை என்பதன் அறிகுறி. அதுவே அவ்விலங்கின் துன்பமும் ஆகும். நனைந்த சேணத்தின் கீழ் வியர்வையும் மழைநீரும் தங்கும். தோல் ஊறி மென்மையாகும். பின் சிறிது உராய்ந்தாலும் புண்ணாகும். புலவர் அதனை விரித்துரைக்கவில்லை. சேணம் களையப்படாமையை ஒரு தொடரில் குறித்துவிட்டு மேலே செல்கிறார். கண்டறிந்த ஒருவர்க்கே அக்குறிப்பு தோன்றும் என்று கருதுகிறோம்.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டும் கார்காலத்துப் பாசறையையே காட்டுகின்றது. அங்கும் அரசன் உறங்கவில்லை. அவன் நினைவில் வருவோர் வீரர் மட்டும் அல்லர். அம்பு தைத்துச் செவி சாய்த்து, தீனி கொள்ளாமல் வருந்தும் குதிரைகளும் அவன் உள்ளத்தை வாட்டுகின்றன. குதிரை நலமின்றி இருப்பதை முதலில் உணர்த்துவன அதன் செவியும் தீனியுமே என்று இன்றைய கால்நடை மருத்துவரும் கூறுவர்.

பொன் கொடுத்து வாங்கிய இழப்பு

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் குதிரை வாணிகம் உச்சத்தில் இருந்தது. தாமிரபரணியின் முகத்துவாரத்துக் காயல் துறையில் ஓர்முசு, கிசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து நின்றன. பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபு, கிசுத் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவதாக உடன்பாடு இருந்தது என்றும், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை என்றும் எழுதுகிறார். வழியில் இறந்த குதிரைக்கும் அரசன் பொருள் கொடுத்தான் என்பது அவர் தரும் மற்றொரு செய்தி.

வெனிசு நாட்டு மார்க்கோ போலோ இன்னும் கடுமையாகப் பேசுகிறார். அரசனும் அவன் உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் 100கூட எஞ்சவில்லை என்றும் அவர் குறிக்கிறார். குதிரைகளைப் பேண அறிந்தோர் இந்நாட்டில் இல்லை என்பதும், வாணிகர் தம் சரக்கு தொடர்ந்து விலைபோக வேண்டி அத்தகையோரை இங்கு வரவிடவில்லை என்பதும் அவர் கூறும் காரணங்கள். அயல்நாட்டார் தரும் எண்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் ஒருவர் மற்றவரைக் காணாமல் எழுதிய இருவரும் ஒன்றையே சொல்கின்றனர். வறுத்த தானியத்தில் நெய் கலந்து ஊட்டி, காய்ச்சிய பால் கொடுத்து, 40 நாள் முளையில் கட்டி வைத்துக் கொழுக்கச் செய்தனர் என்று வசாஃபு எழுதுவதைக் காண்க. அன்பு குறைவாக இருந்தது என்று இதனைப் படிப்பவர் சொல்ல இயலாது. அறிவு குறைவாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். குதிரைக்கு நெய்யைவிட நடையும், பாலைவிட உலர்ந்த தரையும் தேவை என்பதை உரைப்பார் அங்கு இல்லை.

இந்நோய் பாண்டியரோடு முடியவில்லை. 16ஆம் நூற்றாண்டில் விசயநகர வரலாற்றை எழுதிய போர்ச்சுகீசியர் நூனிசு, சாளுவ நரசிம்மனைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும், உயிருள்ள குதிரைக்கு உரிய விலையையே அம்மன்னன் கொடுத்தானாம்.

இங்கே மாணிக்கவாசகர் வரலாறு நினைவுக்கு வாராமல் போகாது. குதிரை வாங்க அரசன் கொடுத்த பொன் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் சென்றது. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. இரவில் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கொன்று சென்றன. அதன்பின் வையையில் வெள்ளம் வந்தது. இதன் சமயப் பொருள் பெரிது. அதனை நாம் தொடவில்லை. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைப்பந்தி விடியும்போது வெறுமையாகக் கிடப்பதைக் கண்ட மக்களுக்கு, இக்கதை எவ்வளவு அண்மையில் ஒலித்திருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கிறோம்.

அர்த்தசாத்திரம் இதற்கு நேர்மாறான வழியைக் காட்டுகிறது. ஒவ்வொரு குதிரைக்கும் தனியிடம். வழுவழுப்பான பலகை பரப்பிய தரை. சிறுநீரும் சாணமும் அகற்ற வழி. தீனிக்குத் தனித் தொட்டி. இவையெல்லாம் அந்நூல் குதிரைத் தலைவனுக்கு விதித்தவை. மருத்துவரின் கவனக்குறைவால் நோய் மிகுந்தால், மருத்துவச் செலவைப்போல் இருமடங்கு தண்டம். குதிரை இறந்தால் அதன் விலையே தண்டம். ஓரிடத்தில் இறந்த குதிரைக்காக விற்றவன் பொன் பெற்றான். மற்றோரிடத்தில் இறந்த குதிரைக்காகப் பொறுப்பாளன் பொன் இழந்தான். பேணுதல் எங்கே வளர்ந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மலைநாட்டு மழையும் குதிரைப் படையும்

சேரநாட்டார் இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தனர். 1342ஆம் ஆண்டையொட்டி மலையாளக் கரை வழியே சென்ற இபன் பதூதா, இந்நாட்டில் எவரும் விலங்கின்மேல் ஏறிச் செல்வதில்லை என்றும், அரசனிடம் மட்டுமே குதிரை உண்டு என்றும், மக்கள் சுமப்போர் தோளில் ஏற்றிய பல்லக்கிலேயே செல்கின்றனர் என்றும் எழுதினார். ஆறுகளும் காயல்களும் சேற்று வயல்களும் நிறைந்த நாட்டில் ஓடத்திற்கும் பல்லக்கிற்குமே வேலை இருந்தது. சுமந்தவர் தோளின் வலியை அக்குறிப்பு பேசவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

குதிரைப் படையை நம்பி இந்நாட்டுள் புகுந்தவர்க்கு மழை பாடம் புகட்டியது. 1766இல் மலபாரை வென்ற ஐதர் அலி கோயம்புத்தூருக்குத் திரும்பினார். மழைக்காலம் தொடங்கியதும் நாயர்கள் கிளர்ந்தெழுந்தனர். வெள்ளக் காலத்தில் மைசூர்ப் படை வாராது என்பது அவர்களின் கணிப்பு. ஐதரோ மழையிலேயே புறப்பட்டார். அவர் படையில் பணிபுரிந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் அப்பயணத்தை எழுதியிருக்கிறார். குதிரை வீரர் அனைவரும் சேணத்தை நீக்கிவிட்டு வெறும் முதுகில் ஏற வேண்டும் என்றும், காலாட்கள் மெல்லிய ஆடை மட்டும் அணிய வேண்டும் என்றும் ஆணை பிறந்ததாம். போரின் கொடுமையை நாம் போற்றவில்லை. ஆயினும் நெடுநல்வாடையின் களையாத சேணத்தோடு இந்தக் களைந்த சேணத்தை வைத்துப் பார்க்கத்தான் தோன்றுகிறது. நனைந்த தோலும் மரச்சட்டமும் குதிரையின் முதுகை அறுக்கும் என்பதை அறிந்த ஒருவரின் ஆணை அது.

அவர் மகன் திப்பு 1790 ஏப்பிரலில் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையை உடைத்து ஆலுவா வரை வந்தார். பருவமழை கடுமையாகத் தொடங்கியது, பெரியாறு பெருகியது, தங்க உலர்ந்த நிலம் கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் தம் நாட்டை நோக்கி வருகின்றனர் என்ற செய்தியும் சேர, மே மாதத்தில் படை திரும்பியது. திருவனந்தபுரமும் கரமனையும் அக்குதிரைகளின் குளம்படியைக் காணவில்லை.

குளம்பின் கதை

ஈரம் குதிரையை எவ்வாறு வருத்துகிறது? குளம்பு கல் அன்று. அது நம் நகத்தைப் போன்றதொரு பொருளால் ஆனது. நீரை உறிஞ்சும் இயல்பினது. நாள்தோறும் ஊறியும் உலர்ந்தும் வந்தால் அது மென்மையாகிப் பிளவுபடும். லாடத்தின் ஆணிகள் தளரும். குளம்பின் அடியில் முக்கோண வடிவில் ஒரு மென்பகுதி உண்டு. அதன் ஓரத்துக் குழிகளில் சேறும் சாணமும் தங்கினால் அப்பகுதி அழுகிக் கரிய கசிவும் கெட்ட நாற்றமும் தோன்றும். நாள்தோறும் காலையும் மாலையும் காலைத் தூக்கிக் குளம்படியைச் சுரண்டி உலர்த்துபவன் இருந்தால் இந்நோய் வேர் கொள்ளாது.

அடுத்தது தோல். மழையில் ஊறிய முதுகிலும் கணுக்காலிலும் நுண்ணுயிர் பற்றிப் பொருக்குகள் தோன்றும். சேற்றை உடனே நீர்விட்டுக் கழுவிக்கொண்டே இருப்பது நன்மைபோலத் தோன்றினும் தீமையே செய்யும். தோல் மேலும் ஊறும். சேறு காய்ந்தபின் தூரிகையால் தட்டி உதிர்ப்பதே சிறந்தது. கழுவ நேர்ந்தால் வைக்கோலாலோ துணியாலோ முற்றும் துடைத்தல் வேண்டும்.

மூன்றாவது தீனி. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. பூஞ்சை பிடித்த வைக்கோலும் புழுங்கிய கொள்ளும் வயிற்றில் சென்றால் வெளிவர வழியின்றிக் கடுஞ்சூலையாக மாறி உயிரையே பறிக்கக்கூடும். ஆகவே மழைக்காலத்தில் தீனிக் களஞ்சியம் தரையினின்று உயர்ந்து, காற்றோட்டத்துடன் இருத்தல் இன்றியமையாதது.

நான்காவது உறக்கம். நின்றபடியே உறங்கும் விலங்கு குதிரை என்பர். அது முழு உண்மையன்று. ஆழ்ந்த உறக்கத்திற்கு அது சிறிது நேரமேனும் படுத்தாக வேண்டும். தரை ஈரமாக இருந்தால் பல குதிரைகள் படுக்க மறுக்கும். பல நாள் படுக்காத குதிரை நின்றபடியே தடுமாறும். எனவே இலாயத்தின் தரையை மேடாக்கி, சுற்றிலும் வடிகால் வெட்டி, மணலோ மரத்தூளோ வைக்கோலோ தடிப்பாகப் பரப்புவர். மழைக்கு அஞ்சிக் கதவு, சாளரம் எல்லாவற்றையும் அடைப்பதும் பிழையாகும். சிறுநீரின் காட்டம் உள்ளே தேங்கி நுரையீரலைக் கெடுக்கும்.

மழை ஓய்ந்தபின் வரும் தீங்கும் ஒன்று உண்டு. இரத்தம் உறிஞ்சும் பெரிய ஈக்கள் அக்காலத்தில் பெருகும். அவை பரப்பும் சுர்ரா என்னும் நோய் காய்ச்சலும் வீக்கமும் மெலிவும் தந்து கொல்லும். 1880இல், இன்றைய பாகிஸ்தானிலுள்ள தேரா இசுமாயில் கானில், கிரிஃபித்து எவன்சு என்னும் கால்நடை மருத்துவர் நோயுற்ற குதிரைகள், ஒட்டகங்கள் ஆகியவற்றின் இரத்தத்தில் இந்நோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அதற்கு முன்னர்ப் பல நூற்றாண்டுகளாக, காரணம் அறியாமலே பந்திகள் வெறுமையாகி வந்தன. காயல் துறையில் இறங்கிய புரவிகளில் எத்தனை இதனால் மாண்டனவோ!

நம் நாட்டிலும் குதிரை நூல்கள் இல்லாமல் இல்லை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் ஓவியங்களோடு 1952இல் பதிப்பித்தது. ஆனால் ஏட்டில் இருந்த அறிவு இலாயத்தில் சாணம் அள்ளியவனை எட்டியதா என்பதே கேள்வி. எட்டிய இடத்தில் குதிரை பிழைத்தது.

மீண்டும் கரமனை

கரமனையிலிருந்து கிழக்குக் கோட்டைக்குச் செல்வோர் சுவாதித் திருநாள் எழுப்பிய புத்தன் மாளிகையைக் காணலாம். அதன் மேல்தளத்து இறவாரத்தின் கீழ் 122 மரக் குதிரைகள் வரிசையாகப் பாய்ந்து நிற்கின்றன. அதனாலேயே மக்கள் அதனைக் குதிரை மாளிகை என்றழைக்கின்றனர். தமிழகத்து ஏரிக்கரைகளில் ஐயனாரின் மண்குதிரைகள் மழையில் நனைந்து நிற்கின்றன. மண்குதிரை சிதைந்தால் வேளார் புதிது செய்வார். புரவியெடுப்பு மீண்டும் நடக்கும். மரத்திலும் மண்ணிலும் வெள்ளியிலும் குதிரையை வடிக்கும் கலை நமக்குக் கைவந்தது. உயிருள்ள குதிரையைக் காக்கும் கலையோ பல உயிர்களைப் பலிகொண்ட பின்னரே வந்தது.

இன்று கரமனைக்கு அதிகத் தொலைவில் இல்லாத கண்ணேற்றுமுக்கில் கேரளக் குதிரைப் போலீசின் இலாயம் இருக்கின்றது. திருவிதாங்கூர் மன்னரின் மெய்காவற் குதிரைப்படையின் வழிவந்தது அது. ஐப்பசியில் பத்மநாபசுவாமி சங்குமுகக் கடலுக்கு ஆறாட்டுக்கு எழுந்தருளும்போது அக்குதிரைகளும் ஊர்வலத்தில் நடக்கின்றன. ஐப்பசி என்றால் துலாமழை. மழையும் இப்போது பழைய கணக்கில் நிற்பதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல், 2018 ஆகசுட்டில் கேரளப் பெருவெள்ளம், 2023 அக்டோபரில் ஓரிரவு மழையில் நகரின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கிய நிகழ்ச்சி எனச் சில ஆண்டுகளுக்குள் நாம் கண்டவை பல. இத்தகைய நாளில் குதிரைக்குப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. உலர்ந்த நான்கு அடி மேடு, பூஞ்சையில்லாத ஒரு பிடி கொள், முதுகில் ஈரச் சேணம் கிடவாமை, காலைத் தூக்கிப் பார்க்க ஒரு கை. இவ்வளவே.

அயல்மண்ணில் குடியேறி வாழும் நமக்கு இவ்வரலாறு வேறொன்றையும் உணர்த்துகின்றது. கடல் கடந்து வரும் உயிரைப் பொன் கொடுத்து வரவேற்பதற்கு அரசர்கள் இருந்தனர். வந்தபின் அதற்கு எந்த மண் ஒத்துவரும், எந்த உணவு செரிக்கும், எங்கே படுத்தால் உறக்கம் வரும் என்று கேட்டவர் சிலரே. பாண்டியன் கொடுத்த 220 தினார்களை வரலாறு எண்ணி வைத்திருக்கின்றது. நள்ளிரவில் விளக்கோடு சென்று ஈரக் குளம்பைத் துடைத்த வாதுவனின் பெயரை அது எழுதி வைக்கவில்லை. எனினும், அடுத்த விடியலில் எழுந்து நின்ற குதிரை அவனால்தான் நின்றது. புதிதாக வந்திறங்கும் எந்த உயிருக்கும் முதலில் தேவைப்படுவது அத்தகைய ஒரு கையே என்பதை நாம் மறவாதிருப்போமாக.